வெள்ளை மேகத்தில் தண்ணீர் இல்லையா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. மேகம் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டாள், அதில் தண்ணீர் இருக்கிறது, அதனால்தான் என்றேன். “அப்போ வெள்ளை மேகத்துல தண்ணி இல்லையா?” என்றாள் உடனே. எனக்குப் பதில் தெரியவில்லை. மேகம், மழை பற்றியெல்லாம் இந்த வயதில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? படப் புத்தகம் வாங்கலாமா?

பதில்: என்ன அருமையான கேள்வி கேட்டிருக்கிறாள்! வெள்ளை மேகத்திலும் தண்ணீர்தான், தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகளாக. (ரொம்ப உயரத்தில் இறகு மாதிரி மெல்லிசாகத் தெரிகிற கீற்று மேகத்தில் பனித்துகள்.) மேகம் தடிமனாகத் திரண்டுவிட்டால் வெயில் அதன் அடிப்பக்கம்வரை சரியாக வந்து சேராது, அதனால் கீழே நிற்கிற நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. அவளிடம் இதை விளக்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள், பளிச்சென்று இருக்கும். அதன்மேல் இன்னொரு தாள், இன்னொரு தாள் என்று பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் இருண்டுவிடும். அப்புறம் தாள்களைப் பிரித்துப் பார்க்கட்டும், அத்தனையும் வெள்ளை. மீதியை அவளே சொல்லிவிடுவாள்.

படப் புத்தகம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். படத்தில் இருக்கிற மேகம் நகராதே! தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று ஐந்து நிமிடம் வானத்தைப் பாருங்கள். இடம் மாறக் கூடாது, ஏனென்றால் ஒரு கிளை நுனியையோ கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டால்தான் மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று குழந்தைக்குப் பிடிபடும். கீழ் மேகம் ஒரு பக்கமும் மேல் மேகம் வேறு பக்கமும் போகிற நாள் ஒன்று வரும், அதை அவளே கண்டுபிடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். காலையில் “இன்னிக்கு மழை வருமா?” என்று கேட்டு, அவள் சொல்வதைக் காலண்டரில் குறித்துவைத்து, ராத்திரி இருவரும் சேர்ந்து பாருங்கள். தப்பாகப் போனால் போகட்டும்.

பெயர்களுக்கு அவசரம் இல்லை. லண்டனில் மருந்து தயாரித்துக்கொண்டிருந்த லூக் ஹோவர்டு, சின்ன வயதிலிருந்தே வானத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் 1802-ல் மேகங்களை வகை பிரித்துப் பெயர் வைத்தார். உங்கள் மகளும் முதலில் பஞ்சு, போர்வை என்று தனக்குத் தோன்றியதை வைக்கட்டும். திரள் மேகம், படை மேகம் எல்லாம் பள்ளிக்கூடத்தில் வரும்.

சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, இடி கேட்டால் உடனே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், இந்த இரண்டிலும் கண்டிப்பாக இருங்கள். உள்ளே வந்த பிறகு மின்னலுக்கும் இடிக்கும் நடுவே ஒன்று, இரண்டு என்று எண்ணலாம், மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம்.

அடுத்து, மேகத்துக்குள் தண்ணீர் எப்படிப் போச்சு என்று கேட்பாள். மழை விட்டு வெயில் வந்ததும், தேங்கிய தண்ணீரைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அவளையே போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள்.