இன்னும் ஆறு மாதம் கிடைத்திருந்தால்?

கேள்வி: ஹிட்லரின் ஜெர்மனி அமெரிக்கா வரை போய்க் குண்டு போட ஒரு ஜெட் விமானம் வரைந்து வைத்திருந்ததாம், இறக்கை மட்டுமே உள்ள விமானம். இன்னும் ஆறு மாதம் கிடைத்திருந்தால் நியூயார்க் தரைமட்டம் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். நிஜமா? அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானமும் இறக்கை மட்டும்தானே, அதைப் பார்த்துக் காப்பியடித்ததுதானா?
(கொழிஞ்சாம்பாறை வாசகர் ஒருவர்)

பதில்: ஆறு மாதம் என்ன, ஆறு வருஷம் கொடுத்திருந்தாலும் சந்தேகம்தான். நீங்கள் கேட்பது ரைமர், வால்ட்டர் என்ற ஹோர்ட்டன் சகோதரர்கள் போட்ட ஹெச்-18 திட்டம். வால் கிடையாது, பெரும்பகுதி மரம், ஆறு யூமோ 004 ஜெட் எஞ்சின். விமானப்படைத் தலைவர் கோரிங் 1945 தொடக்கத்தில் இதற்குத் தலையாட்டினார். அந்த நேரத்தில் ரஷ்யப் படை பெர்லினுக்குப் பக்கத்திலுள்ள ஓடர் ஆற்றங்கரைக்கே வந்துவிட்டது.

சரி, ரஷ்யர்களை விடுங்கள், கணக்கை மட்டும் பாருங்கள். பெர்லினிலிருந்து நியூயார்க் சுமார் 6,400 கி.மீ., போய்த் திரும்ப 12,800. வாளையாரில் டேங்க் நிரப்பிய லாரி டெல்லியில் சரக்கை இறக்கிவிட்டு, வழியில் எந்த பங்கிலும் நிற்காமல் வாளையாருக்கே திரும்ப வேண்டும் என்பது மாதிரி. அதிலும் ஆரம்பகால ஜெட் எஞ்சின்கள் எண்ணெயைக் குடித்துத் தீர்ப்பவை. மணிக்கு 800 கி.மீ. என்று வைத்தாலும் 16 மணி நேரம் பறக்க வேண்டும், ஆனால் யூமோ எஞ்சினின் ஆயுளே 10 முதல் 25 மணி நேரம்தான், அதற்குள் கழற்றிப் பிரித்தாக வேண்டும். சூடு தாங்கும் உலோகத்துக்கு வேண்டிய நிக்கல் கிடைக்காததால், எஞ்சினுக்குள் எண்ணெய் எரியும் அறையைச் சாதாரண இரும்புத் தகட்டில் செய்து அலுமினியம் பூசி ஒப்பேற்றினார்கள். அதையும் மலைச் சுரங்கத்துக்குள் வதைமுகாம் கைதிகளை அடித்து வேலை வாங்கித்தான் செய்தார்கள், வீடியோக்காரர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். எரிபொருள்? நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைகள் மேல் 1944 மே மாதமே குண்டு விழ ஆரம்பித்துவிட்டது.

அங்கே நிலைமை எப்படி என்று பார்க்க யுங்கர்ஸ் 287 போதும். இது நிஜமாகவே 1944 ஆகஸ்டில் பறந்த ஜெட் குண்டுவீச்சு விமானம். அதன் உடல் பழைய ஹைங்கல் 177 குண்டுவீச்சு விமானத்திலிருந்து எடுத்தது, முன்சக்கரங்கள் விழுந்து நொறுங்கிய அமெரிக்க பி-24 விமானங்களில் கழற்றியவை! இந்த லட்சணத்தில் நியூயார்க்காம்.

இவ்வளவு பணமும் உலோகமும் கையில் இருந்த அமெரிக்காவே கண்டம் தாண்டிக் குண்டு போடும் ஜெட்டைப் பறக்கவிட 1952 ஆனது. அதுதான் பி-52, அதற்கும் எட்டு எஞ்சின். அதற்கு முந்தைய பி-47 நடுவானில் எண்ணெய் வாங்காமல் அவ்வளவு தூரம் போக முடியாது.

அப்புறம் பி-2. காப்பி என்பது சும்மா கிளப்பிவிட்ட கதை. அமெரிக்க விமான வடிவமைப்பாளர் ஜாக் நார்த்ராப் 1940-லேயே இறக்கை மட்டுமே உள்ள சின்ன விமானத்தைப் பறக்கவிட்டவர். அவருடைய எட்டு ஜெட் எஞ்சின் வைத்த ஒய்பி-49 1947-இல் பறந்தது. பி-2-வைச் செய்தது அவர் தொடங்கிய நார்த்ராப் நிறுவனம், அதாவது அந்த வீட்டுப் பிள்ளைதான். ஹோர்ட்டன்களின் சின்ன ஜெட்டான ஹெச்ஓ 229 ஒன்றை அமெரிக்கர்கள் கைப்பற்றிக் கொண்டுபோனது உண்மை, இன்றும் அங்கே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரேடாருக்குத் தெரியாத விமானம் என்ற பேச்சும் அதை வைத்து வந்ததே. நார்த்ராப் நிறுவனமே பின்னால் அதன் முழு அளவு மாதிரியைச் செய்து சோதித்தது. ரேடாரில் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது, ஆனால் தெரிந்தது.