யூரியாவை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் ஹோவிக் அருகே 14 கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மேய்ச்சல் பாத்தியிலும் தரை தெரிய மேயவிடுவேன். இங்கே குளிர் தொடங்கும் மே மாதத்திலேயே கிக்குயு புல் மஞ்சளாகிவிட்டது. மாடு கடித்து இழுத்தால் வேரோடு பாய்போலப் பெயர்ந்து வருகிறது. ஹெக்டேருக்கு நான்கு மூட்டை யூரியா போடச் சொல்கிறார் கடைக்காரர். போதுமா?

பதில்: இப்போது ஒரு மூட்டைகூட வேண்டாம், தம்பி. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்துப் புல் அது. குளிரும் வறட்சியும் சேர்ந்தால் வளர்ச்சி நின்று மஞ்சளாகும், உறைபனியில் கருகும். அக்டோபர் மழையில் தானே துளிர்க்கும். நீங்கள் பயப்பட வேண்டியது பாய்போலப் பெயர்வதைப் பார்த்துத்தான்.

முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். அதன் சுவரைக் கத்தியால் மெல்லச் சுரண்டுங்கள். வெள்ளை வேர் நேராக இறங்கியிருந்தால் நிம்மதி. ஒரு சாணுக்குள்ளேயே நுனி தடித்து, பழுப்பேறி, பக்கவேர் இல்லாமல் குட்டையாக நின்றால், புளித்த (அமிலம் ஏறிய) மண்ணில் கரைந்த அலுமினியம் அதைச் சுட்டிருக்கிறது. வேர் சட்டென்று மடிந்து பக்கவாட்டில் ஓடினால், ஈர மண்ணை மாடுகள் மிதித்து இறுக்கியிருக்கின்றன. மழை மிகுந்த உங்கள் மிட்லாண்ட்ஸ் பகுதி மண்ணில் கால்சியம் கரைந்து போய்ப் புளிப்பு ஏறுவது சாதாரணம். யூரியா அந்தப் புளிப்பை இன்னும் கூட்டும்! வேரைப் பார்க்காமல் மூட்டைக் கணக்குச் சொல்பவரிடம் யோசனை கேட்காதீர்கள். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாக எடுத்துச் சிடாரா மண் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சுண்ணாம்பு வேண்டுமென்று முடிவு வந்தால், உழுது கலக்க வேண்டும். மேலே தூவியது கீழே இறங்கப் பல வருடம் பிடிக்கும்.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். வேருக்கு உணவு இலையிலிருந்துதான் வருகிறது. 1955-இல் அமெரிக்காவில் கிரைடர் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், புல்லின் மேற்பகுதியில் 80 விழுக்காட்டை ஒரே தடவையில் வெட்டியபோது வேர் வளர்ச்சி 12 நாள் அடியோடு நின்றது. பாதியை வெட்டியபோது ஏறக்குறைய நிற்கவே இல்லை. அவர் பார்த்தவை வேறு புற்கள். கிக்குயுவுக்கு நாள் கணக்கு சற்று மாறலாம். ஆனாலும் உங்கள் 14 நாள் சுற்றோடு அதைப் பொருத்திப் பாருங்கள்: வேருக்கு மிஞ்சுவது இரண்டு நாள். கோடை முழுவதும் இப்படியே போனால், வறட்சி வரும்போது ஆழத்து ஈரத்தைத் தொட அந்தப் புல்லிடம் என்ன இருக்கும்?

மூன்று விரல் உயரம் நிற்கும்போதே மாட்டை வெளியேற்றுங்கள். ஒவ்வொரு தண்டிலும் நான்கு புது இலை விரிந்த பிறகே திரும்ப விடுங்கள்; அது எத்தனை நாள் ஆகும் என்பதைக் காலண்டர் சொல்லாது, புல்தான் சொல்லும். சேறான நாட்களில் மேட்டுப் பாத்திக்கு ஓட்டுங்கள். நிலம் போதாது என்று தோன்றினால் இரண்டு மாட்டை விற்றுவிடுங்கள். உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

குழியை மூடுவதற்குமுன் வேர் எத்தனை விரற்கடையில் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். யூரியாவைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.