முகம் பார்க்காத வாடிக்கையாளர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: லண்டனில் இரண்டு கடைகளுக்கும் நியூஜெர்சியில் ஒரு பல் டாக்டருக்கும் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். வேலையில் குறை சொல்வதில்லை. ஆனால் எந்த மெயிலுக்கும் 'ஓகே, தேங்க்ஸ்' என்பதற்கு மேல் பதில் வராது. நேரில் பார்க்காமல் எப்படிப் பழகுவது?
- வாசகி, நாமக்கல்

பதில்: மெயிலில் நலம் விசாரிப்பதைக் கூட்டிப் பயனில்லை. தான் சொன்னதைக் கணக்கு எழுதுகிறவர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்று தெரிந்தால்தான் கடைக்காரர் மனம் விட்டுப் பேசுவார். ஆளுக்கு ஒரு பக்கம் நோட்டில் ஒதுக்குங்கள். பெயரை அவரே எப்படி உச்சரிக்கிறார், கடையில் எந்த நாள் கூட்டம், பேச்சுவாக்கில் சொன்ன வீட்டு விஷயம் என்ன, எல்லாம் தேதியோடு இருக்கட்டும். 'அடுத்த வாரம் மகளுக்குப் பரீட்சை' என்றிருந்தால் அடுத்த அழைப்பில் முதல் கேள்வி அதுதான். அவர் சொல்லாததை ஃபேஸ்புக்கில் துழாவி எடுத்துக் கேட்டுவிடாதீர்கள். மிரண்டுபோவார்.

மாதம் ஒருமுறை 20 நிமிட வீடியோ அழைப்பு போதும். கணக்கைப் பதினைந்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, 'அடுத்த மூன்று மாதத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேளுங்கள். புது ஆள் சேர்ப்பது, மெஷின் வாங்குவது, வாடகைத் தகராறு எல்லாம் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வெளியே வரும். அழைப்பு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் மூன்று வரி மெயில்: முடிவானது என்ன, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள்.

பலர் சறுக்குவது நேரத்தில். லண்டன் காலை 10 மணி என்பது கோடையில் நமக்குப் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30. நியூஜெர்சி காலை 9 மணி, மாலை 6.30 அல்லது 7.30. கோடைக்காக அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே மாற்றும். பிரிட்டன் மாற்றுவது கடைசி ஞாயிறு. நடுவில் இரண்டு மூன்று வாரம் 'வழக்கமான நேரம்' என்று எழுதினால் வம்புதான். காலண்டரில் அழைப்பை அவர்கள் ஊர் நேரத்திலேயே பதிந்துவிடுங்கள், தானாக நகர்ந்துகொள்ளும்.

இன்னொன்று: மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாட் (மதிப்புக் கூட்டு வரி) கட்டும் லண்டன் கடையென்றால், காலாண்டு முடிந்து ஒரு மாதம் ஏழு நாளில் கெடு. அந்த வாரம் பேச்சு வளர்க்க வேண்டாம். விடுபட்ட பில்களின் பட்டியலைப் பத்து நாள் முன்பே அனுப்பிவிட்டால், எந்த விசாரிப்பையும்விட அதற்கு நன்றி சொல்வார்கள்.

கேள்வி: வீடியோவில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துகிறோம். சங்கடமாக இருக்கிறது.
- வாசகர், கரூர்

பதில்: குரல் போய்ச் சேரும் தாமதம்தான் காரணம். அவர் முடித்ததும் மனதுக்குள் 'ஒன்று, இரண்டு' எண்ணிவிட்டுத் தொடங்குங்கள். வைஃபைக்குப் பதில் லேன் வயர், ஸ்பீக்கருக்குப் பதில் ஹெட்செட். லேப்டாப்புக்கு அடியில் நாலு தடிப் புத்தகம் வைத்தால் கேமரா கண் மட்டத்துக்கு வந்துவிடும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும், திரும்பி உட்காருங்கள்.

கேள்வி: கணக்கில் தவறு நேர்ந்தால் மெயிலில் சொல்வதா, போனிலா?
- வாசகி, ஈரோடு

பதில்: போனில், அன்றைக்கே. என்ன தவறு, எத்தனை பவுண்டு, எப்போது சரியாகும் என்ற மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். கரண்ட் போனது, நெட் போனது என்று ஆரம்பிக்க வேண்டாம். திருத்திய கணக்கு அதன் பிறகு மெயிலில் போகட்டும், மாற்றிய வரிக்கு மஞ்சள் அடித்து.