த்ரானை யார் பெத்தது? – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

போன வாரம் 'அஹ்சோகா'ங்கற ஸ்டார் வார்ஸ் சீரிஸை ஒரே மூச்சுல பார்த்து முடிச்சேன். அதுல வர்ற நீலத்தோல், சிவப்புக் கண்ணு த்ரான் யாருன்னு ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட கேட்டேன். சினிமாக்காரங்க உருவாக்குன ஆளே இல்ல, 1991ல வந்த ஒரு டை-இன் நாவல்ல, அதாவது படத்தோட பாத்திரங்களை வச்சு அனுமதியோட வேற ஆளு எழுதற நாவல்ல இருந்து வந்தவன்னு சொல்றாரு. நீங்க முன்னாடி ஒரு கேள்வி பதில்ல டை-இன் நாவல்னாலே கூலிக்கு மாரடிக்கிற வேலைன்னு எழுதியிருந்தீங்க. அப்படி எழுதுன ஒருத்தரோட பாத்திரம் முப்பது வருஷம் கழிச்சு டிவியில வந்து நிக்குதுன்னா எங்கயோ கணக்கு இடிக்குதே சார்? படத்தை உருவாக்குன ஜார்ஜ் லூகாஸ் கட்டுன உலகத்துல இன்னொருத்தருக்கு அவ்ளோ இடம் எப்படிக் கிடைச்சது?

– எஸ்.

அன்புள்ள எஸ்.,

எழுதுனேன், ஒத்துக்கறேன். எந்த மூட்ல எழுதுனேனோ தெரியல, ஆனா வாபஸ் வாங்கப் போறதில்ல. கூலி வேலைதான் அது. பாத்திரங்க நம்மளோடது இல்ல, காப்பிரைட் நம்மளோடது இல்ல, ஹீரோவை சாகடிக்கக்கூடாது, கல்யாணம் பண்ணி வைக்கணும்னாகூட மேலிடத்துல கேக்கணும். எலி வளைன்னாலும் தனி வளை வேணும்பாங்க, இதுல இருக்கறது அரண்மனைதான், ஆனா அடுத்தவன் அரண்மனை. த்ரானை உருவாக்குன டிமோதி ஸான் அந்தக் கூலி வேலையை எப்படிச் செஞ்சாருங்கறதுலதான் உங்க கேள்விக்குப் பதில் இருக்கு.

முதல்ல ஒண்ணு, இப்ப இருக்கற ஸ்டார் வார்ஸை மனசுல வச்சு 1991ஐ பார்க்காதீங்க. மூணாவது படம் 1983ல வந்ததோட கதை முடிஞ்சாச்சு, பொம்மை வியாபாரம் படுத்தாச்சு, மார்வெல்காரங்க காமிக்ஸை 1986ல இழுத்து மூடியாச்சு. வெஸ்ட் எண்ட் கேம்ஸ்னு ஒரு கம்பெனி 1987ல இருந்து ஸ்டார் வார்ஸை வச்சு ரோல்-ப்ளேயிங் கேம் (ஆளாளுக்கு ஒரு பாத்திரமா மாறி ஆடற ஆட்டம்) போட்டுக்கிட்டு இருந்தது, உயிரோட இருந்ததுன்னு சொல்லணும்னா அதைத்தான் சொல்லணும். அந்த நேரத்துல பான்டம் பதிப்பகத்துல இருந்த லூ அரோனிக்கா, பெரியவங்க படிக்கற மாதிரி நாவல் போடலாம்னு லூகாஸோட கம்பெனி லூகாஸ்ஃபிலிமுக்கு லெட்டர் போட்டாரு, ரொம்ப நாள் கழிச்சுதான் அங்க சரின்னாங்க, வேலை ஸான்கிட்ட வந்தது.

ஸான் பிசிக்ஸ் படிச்ச ஆளு. இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டில பிஎச்டி பண்ணிக்கிட்டு இருந்தப்ப 1979ல கைடு இறந்து போயிட்டாரு, ஆராய்ச்சி அப்படியே நின்னுடுச்சு, ஏற்கனவே கதை எழுதிக்கிட்டு இருந்தவரு முழு நேரமா எழுத்துக்கே வந்துட்டாரு. 1984ல ஒரு குறுநாவலுக்கு, சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்குக் குடுக்கற ஹியூகோ விருது வாங்குனாரு. அதாவது வேற வழியில்லாம ஃபிரான்சைஸ் வேலைக்கு வந்த ஆளு இல்ல, ராணுவ சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல ஓரளவு பேர் எடுத்துட்டுதான் வந்தாரு.

அவருக்கு முன்னாடியும் ஆளுங்க இருந்தாங்க. ஆலன் டீன் ஃபாஸ்டர் 1978லயே ஒரு ஸ்டார் வார்ஸ் நாவல் எழுதியிருக்காரு, முதல் படம் சரியா ஓடலைன்னா சின்ன பட்ஜெட்ல எடுத்துக்கலாம்னு யோசிச்சு எழுத வச்ச கதை அது, அதனாலதான் முக்காவாசி ஒரு பனிமூட்டக் கிரகத்துலயே நடக்குது, செட் செலவு மிச்சம். படத்துல முக்கியமான ஆளான ஹான் சோலோவும் கிடையாது, ஏன்னா அந்த வேஷம் போட்ட ஹாரிசன் ஃபோர்டு அடுத்த படத்துக்குக் கையெழுத்து போடலை. (இதே ஃபாஸ்டர் 2020ல, என் பழைய நாவல்களுக்கு ராயல்டி வரலைன்னு டிஸ்னிக்குத் திறந்த கடிதம் எழுத வேண்டி வந்தது, அப்புறம் பேசித் தீர்த்துக்கிட்டாங்க. கூலின்னு சொன்னேன்ல, அதுலயும் இப்படி இழுபறி உண்டு.) அடுத்து பிரையன் டேலி, ஹான் சோலோவை வச்சு மூணு நாவல் எழுதுனாரு, நல்லாவே இருக்கும், ஆனா எல்லாம் முதல் படத்துக்கு முன்னாடி, கேலக்ஸியோட ஏதோ ஒரு மூலைல நடக்கற கதை. மெயின் ரோட்டுக்கு யாரையும் விடல. ஸானுக்குத்தான் முதல் தடவையா 'மூணாவது படத்துக்கு அப்புறம் என்ன ஆச்சு'ன்னு நாவல் எழுதற இடம் கிடைச்சது.

கிடைச்சதும் தலைவலி ஆரம்பம். படத்தோட வில்லனுங்க வேடர் செத்தாச்சு, சக்கரவர்த்தி செத்தாச்சு, புது வில்லனுக்கு எங்க போறது? இன்னொருத்தனுக்குக் கறுப்பு அங்கி மாட்டிவிட்டு கையில மின்னல் விட வச்சிருக்கலாம், பத்துல ஒம்போது பேரு அதைத்தான் செஞ்சிருப்பாங்க. ஸான் கொண்டுவந்தது ஃபோர்ஸ்ங்கற மாய சக்தியே இல்லாத ஒருத்தனை. வெள்ளை யூனிஃபார்ம், மெதுவான பேச்சு, மூளை மட்டும்தான் ஆயுதம்.

நீங்க கேட்ட 1991 நாவல், மூணு நாவல்ல முதலாவது, 'ஏர் டு தி எம்பயர்', அதோட முதல் அத்தியாயத்தைப் பாருங்க. மூணாவது படத்துல நடந்ததுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு, கைமீராங்கற ஸ்டார் டெஸ்ட்ராயர், அதாவது பெரிய போர்க்கப்பல். கேப்டன் பெலேயானுக்கு வயசாயிடுச்சு, அனுபவசாலிங்க எல்லாம் மூணாவது படத்துல வர்ற என்டோர் சண்டைல போயிட்டாங்க, சுத்தி இருக்கறதெல்லாம் சின்னப் பசங்க. ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு த்ரானைப் பார்க்கப் போறாரு. ரூம் வாசல் இருட்டுல மெய்க்காப்பாளன் ரூக் திடீர்னு காதுகிட்ட வந்து பேசி அவரைத் தூக்கிவாரிப் போட வைக்கறான். உள்ள போனா ரூம் முழுக்க ஓவியமும் சிற்பமும், எல்லாம் ஹோலோகிராம், நடுவுல அந்த சிவப்புக் கண்ணு. கொஞ்ச நேரத்துல எதிரிக் கப்பல்கள் வருது. த்ரான் முதல்ல விசாரிக்கறது எதிரி எந்த இனம்னுதான். எலோமின்னு தெரிஞ்சதும், அவங்க கலையை நான் பார்த்திருக்கேன், அவங்க மனசு ஒழுங்குக்குப் பழகுனது, ஒழுங்கே இல்லாத ஒரு தாக்குதலை அவங்களால சமாளிக்க முடியாதுன்னு சொல்லி அதுக்கேத்த வியூகத்தைப் போடறான், ஜெயிச்சுடறான். யோசிச்சுப் பார்த்தா இது கொஞ்சம் பம்மாத்துதான், ஒரு ஊர்க் கோயில் சிற்பத்தைப் பார்த்துட்டு அந்த ஊர்க்காரன் எப்படிச் சண்டை போடுவான்னு சொல்ல முடியுமா? முடியாது. ஆனா படிக்கும்போது அந்தக் கேள்வி வரவே வராது, அங்கதான் எழுத்துக்காரன் தெரியறான்.

எனக்கு அதைவிடப் பிடிச்சது வேற ஒண்ணு. படத்துல வேடர் என்ன பண்ணுவான், தப்பு பண்ண ஆஃபீசரோட கழுத்தை நெரிப்பான், அவ்ளோதான் அவன் நிர்வாகம். முதல் நாவல்ல படத்தோட ஹீரோ லூக்கோட கப்பல் டிராக்டர் பீம்ல (கப்பலை இழுத்துப் பிடிக்கற கதிர்) இருந்து தப்பிச்சுடுது. அந்த ஆபரேட்டர், எங்களுக்கு இதுக்கு ட்ரெய்னிங் குடுக்கலைன்னு பழியை வேற பக்கம் தள்ளப் பார்க்கறான், த்ரான் ரூக்கை விட்டுக் கொன்னுடறான். சரி, இவனும் இன்னொரு வேடர்தான்னு நினைச்சுக்கறோம். மூணாவது நாவல்ல லூக் அதே தந்திரத்தைப் பண்றான், அப்பவும் தப்பிச்சுடறான், ஆனா இந்தத் தடவை இருக்கற ஆபரேட்டர் பையன் தடுக்கறதுக்குப் புதுசா ஒண்ணு முயற்சி பண்ணித் தோத்திருக்கான். பையன் மூஞ்சி வெளுத்துப்போய் நிக்கறான். த்ரான் அவனுக்குப் பிரமோஷன் குடுத்து, இதுக்கு ஒரு வழி கண்டுபிடின்னு அனுப்பி வைக்கறான். ரெண்டு வருஷ இடைவெளில வந்த ரெண்டு புஸ்தகத்துல இப்படி ஒரு முடிச்சைப் போட்டு வச்சு அவுக்கறாரு பாருங்க, கூலிக்கு வேலை பாக்கறவன் இவ்ளோ மெனக்கெடணும்னு அவசியமே இல்ல.

மேலிடம் வேண்டாம்னதையும் சொல்லணும். பைத்தியம் பிடிச்ச ஜெடை (ஃபோர்ஸ் தெரிஞ்ச வீரன்) ஒருத்தன் நாவல்ல வர்றான், ஸான் முதல்ல அவனை லூக்கோட குரு ஓபி-வான் கெனோபியோட குளோனாத்தான் (நகல் மனுஷனா) யோசிச்சிருந்தாரு, லூகாஸ்ஃபிலிம் முடியாதுன்னுடுச்சு. ரூக்கோட இனத்துக்கு 'ஸித்'னு பேர் வைக்கப் பார்த்தாரு, அதாவது வேடருக்கு இருக்கற ஸித் பிரபுங்கற பட்டம் இந்த இனத்தை ஆண்டதால வந்ததுன்னு கணக்கு, அதுக்கும் முடியாதுன்னாங்க, நோக்ரின்னு மாத்துனாரு. ரெண்டு தடையும் நல்லதுக்குத்தான்னு நான் சொல்வேன், கெனோபி குளோன் எல்லாம் வந்திருந்தா நாவல் நாறியிருக்கும். பேக்கிரவுண்டுக்குப் பார்த்துக்கோங்கன்னு வெஸ்ட் எண்ட் கேம்ஸ் புஸ்தகங்களை வேற அனுப்பி வச்சாங்க, முதல்ல எரிச்சலானவரு அப்புறம் அதுல எவ்ளோ வேலை மிச்சம்னு புரிஞ்சுக்கிட்டாரு. படத்துல ஜப்பாங்கற தாதா பக்கத்துல தலையில ரெண்டு வாலோட ஒரு வெளுத்த மூஞ்சிக்காரன் நிப்பானே, அந்த இனம் ட்வைலெக்குனு ஆனதே அந்த கேம் ஆளுங்களாலதான். அதனால எல்லாத்தையும் ஸான் தலைலயே கட்டிடாதீங்க.

அவரு தந்ததுலயே பெருசு ஒரே ஒரு சொல்லுன்னு நினைக்கறேன். கேலக்ஸியோட தலைநகரத்துக்கு மூணு படத்துலயும் பேரே சொல்லல. இவருக்குக் கதை அங்க நடக்கணும், பேரில்லாம ஓட்ட முடியாது. பளபளக்கறதுன்னு அர்த்தம் வர்ற ஒரு பழைய ஆங்கிலச் சொல்லை எடுத்து கோரஸன்ட்னு வச்சாரு. மூணாவது படத்தை மெருகேத்தி மறுபடி வெளியிட்ட 1997 ஸ்பெஷல் எடிஷன்ல கடைசி கொண்டாட்டக் காட்சில அந்த நகரத்தைக் காட்டுனாங்க, 1999 படத்துல பேரும் வந்துடுச்சு. லூகாஸே எடுத்துக்கிட்டாரு. அதே ஸான், முதல் படத்துல பேரு மட்டும் வர்ற குளோன் வார்ஸ்ங்கற பழைய போர் பத்திப் போட்ட கணக்கு தப்பாப் போச்சு, அவரு கதைல குளோனுங்க குடியரசுக்கு எதிரிப் பக்கம், 2002 படத்துல குடியரசோட படையே குளோனுங்கதான். லூகாஸ் அதையெல்லாம் கண்டுக்கல, தனக்கு வேணும்னதை மட்டும் எடுத்தாரு. அவரு வீடு, அவரு இஷ்டம்.

மாரா ஜேட் கதைதான் மனசுக்கு உறுத்தல். லூக்கைக் கொல்லணும்னு திரியற கடத்தல்காரியா ஸான் கொண்டுவந்த பொண்ணு, பின்னாடி லூக்கையே கல்யாணம் பண்ணிக்கறா, வாசகர்களுக்கு அவ்ளோ பிடிச்ச பாத்திரம். 2007ல வேற ஒருத்தர் எழுதுன நாவல்ல செத்துப் போறா. பெத்தவரு ஒருத்தர், கொள்ளி வச்சது இன்னொருத்தர்.

அப்புறம் 2012ல லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்குனாங்க, 2014 ஏப்ரல்ல பழைய நாவல் அத்தனையும் 'லெஜண்ட்ஸ்', இனிமே கணக்குல வராதுன்னு ஒரே அறிவிப்பு. முதல் நாவல் நியூயார்க் டைம்ஸ் பட்டியல்ல முதலிடம் வரைக்கும் போனது, அந்த வெற்றிக்குப் பின்னாடி வண்டி வண்டியா நாவல் வந்தது, எல்லாம் ஒரே நாள்ல பரண்ல ஏறிடுச்சு. ஆனா ரெண்டே வருஷத்துல, 2016ல, 'ரெபல்ஸ்' கார்ட்டூனுக்கு வில்லன் வேணும்னப்ப பரண்ல இருந்து த்ரானைத்தான் இறக்குனாங்க. குரல் குடுத்த லார்ஸ் மிக்கெல்சன்தான் நீங்க பார்த்த சீரிஸ்லயும் நடிச்சிருக்காரு. த்ரானை வச்சுப் புது நாவல் எழுத ஸானையே மறுபடி கூப்பிட்டாங்க, 2017ல வந்தது. அந்தப் புது நாவல்கள் எனக்கு அவ்ளோவா ஒட்டல, த்ரான் மேல அவருக்கே பாசம் வந்துடுச்சு, கிட்டத்தட்ட நல்லவனாவே ஆக்கிட்டாரு. பழைய த்ரான்கிட்ட இருந்த சில்லிப்பு இல்ல.

நீங்க பழைய மூணையும் படிங்க. லூக் காட்டுல வந்து மாட்டிக்கறதெல்லாம் அப்பட்டமான தற்செயல்தான், பொறுத்துக்கோங்க. நான் ப்ளாட்பாரக் கடைல கிடைச்ச ரெண்டாவது பாகத்துல இருந்து ஆரம்பிச்சுத் தொலைச்சேன், முதல் பாகம் கைக்கு வர்றதுக்குள்ள பாதி மர்மம் போயிடுச்சு. நீங்க முதல்ல இருந்தே ஆரம்பிங்க, இருட்டுல நிக்கற அந்த ரூக்கை மட்டும் கொஞ்சம் கவனிச்சுக்கிட்டே வாங்க.