நூலகர் சங்கத்தில் சேர்வதால் உண்மையில் பயன் உண்டா?

சிறிய கல்லூரி ஒன்றில் புதிதாக நூலகர் பணியேற்றிருக்கும் நீங்கள், சந்தா கட்டித் தொழில்சார் சங்கத்தில் சேர்வதால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடிக்கு அருகே ஒரு கல்லூரி நூலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றும் நான், சேருங்கள் என்றே சொல்வேன். ஒவ்வொரு துறையிலும் ஆசிரியர்கள் நான்கைந்து பேராவது இருப்பார்கள். நூலகர் பெரும்பாலும் ஒருவரே. தாம் செய்வது சரிதானா என்று கேட்க அவருக்கு அடுத்த மேசையில் ஆளில்லை.

நான் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், பாகம் பிரித்த ஒரு செட்டிநாட்டு வீட்டார், இரண்டாங்கட்டில் கிடந்த மரப்பெட்டிகளை அப்படியே எங்களுக்குக் கொடுத்தார்கள். பழைய சைவப் பதிப்புகள், ரங்கூன் கடைப் பேரேடுகள், சில ஏட்டுக் கட்டுகள் அவற்றில் இருந்தன. உதிர்ந்த தாள்களை நான் நல்லெண்ணத்தோடு செல்லோடேப் கொண்டு ஒட்டத் தொடங்கினேன். சங்கப் பயிலரங்கில் அறிமுகமாகியிருந்த மூத்த நூலகர் ஒருவர் தொலைபேசியில் இதைக் கேட்டதும், விடுமுறை நாளில் பேருந்தேறி வந்து நிறுத்தச் சொன்னார். அந்தப் பசை நாளடைவில் பழுப்பேறித் தாளையே கெடுத்துவிடும் என்றும், மெல்லிய ஜப்பானியத் தாளை மாவுப்பசையால் ஒட்டினால் பிற்காலத்தில் ஈரப்படுத்திப் பிரித்தெடுக்க முடியும் என்றும் செய்து காட்டினார். பேரேடுகளைப் பொருள்வாரியாகக் கலைக்காமல், பெட்டியில் இருந்த வரிசையிலேயே வைக்கச் சொன்னதும் அவரே. அந்த வரிசை குலைந்தால் எந்தக் கணக்கு எதைத் தொடர்ந்தது என்பதே தெரியாமல் போய்விடும். பட்டப்படிப்பில் இவற்றை நான் கற்றிருக்கவில்லை.

சங்கத்தின் பணி இத்தகைய உதவியோடு நிற்பதில்லை. 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தில் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன் செயலாளராக இருந்து, மறு ஆண்டே நூலகர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி வகுப்பை நடத்தினார். பின்னர் அதைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. நூலகம் எப்படி இயங்க வேண்டும் என்பது பற்றி அவர் எழுதிய ‘நூலக ஐந்து விதிகள்’ என்ற நூலை 1931இல் வெளியிட்டதும் அச்சங்கமே. பொது நூலகச் சட்டம் வேண்டும் என்று அவர்கள் பல்லாண்டு வற்புறுத்தியதன் பயனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலாவதற்கு அந்தச் சட்டமே அடிப்படை. தனி நூலகர் ஒருவர் எத்தனை விண்ணப்பம் எழுதியிருந்தாலும் இது நடந்திருக்காது.

எங்கள் பகுதிக்கு இதில் தனிக் கவலை ஒன்றும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால், அவை இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிலைத்திருக்கின்றன. பூட்டிய மற்ற வீடுகளில் இருப்பவை பழைய தாள் கடைக்குப் போகுமுன் நமக்குத் தெரியவர வேண்டுமானால், இங்குள்ள நூலகர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும்.

எல்லாச் சங்கங்களும் இப்படி உழைப்பதில்லை. மாநாட்டுச் சான்றிதழ் வழங்குவதோடு முடித்துக்கொள்பவையும் உண்டு. ஆகவே சந்தா கட்டுமுன், கடந்த ஓராண்டில் செய்முறைப் பயிற்சி ஏதும் நடத்தினார்களா என்று உறுப்பினர் ஒருவரிடம் விசாரியுங்கள். நடத்தியிருந்தால், அடுத்த பயிற்சிக்கு உங்கள் நூலகத்தில் விடை தெரியாமல் கிடக்கும் சிக்கல் ஒன்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.