‘ஐஓடி – சைபர் செக்யூரிட்டி’ பிரிவில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: ப்ளஸ் டூ முடித்த என் மகள், ‘ஐஓடி மற்றும் சைபர் செக்யூரிட்டி’ என்ற பெயருள்ள கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவில்தான் சேருவேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் இசிஇ எடுக்கச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: எதில் சேர்ந்தாலும் இந்தத் துறைக்கு வழி உண்டு, அம்மா. ஐஓடி என்றால் இணையத்தோடு இணைந்து வேலை செய்யும் பொருள்கள்; அவற்றைத் திருட்டுத்தனமாக நுழைபவர்களிடமிருந்து காப்பதுதான் இந்தப் படிப்பு. பிரிவின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வைஃபை கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு சிப், அதில் பதித்த ஃபர்ம்வேர் (பொருளை இயக்கும் நிரல்), வீட்டு ரூட்டர், எங்கோ இருக்கும் சர்வர், கையில் இருக்கும் ஆப் எல்லாம் சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். ஓட்டை இவற்றில் எங்கும் இருக்கலாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை மட்டும் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. பிடித்த கருவிகளை ஏவி ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் குவித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் தளங்கள் பலருக்குத் திறக்காமல் போனதற்கு அதுவே காரணம்.

பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். சி மொழி, மைக்ரோகன்ட்ரோலர் (பொருள்களுக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் சிப்), ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், கிரிப்டோகிராஃபி (தகவலை மறைத்தெழுதும் முறை) ஐந்தும் இருக்க வேண்டும். முதல் மூன்றுக்கும் நெட்வொர்க்குக்கும் லேப் கட்டாயம். இவை இருந்தால் பெயர் எதுவானாலும் சேர்க்கலாம்.

மகளுக்கு உண்மையில் பிடிக்கிறதா என்பதை இந்த விடுமுறையிலேயே பார்த்துவிடலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நோட்எம்சியு ஈஎஸ்பி8266 என்ற வைஃபை உள்ள சின்ன மின்னணு போர்டு ஒன்று, டிஎச்டி11 வெப்ப சென்சார் ஒன்று, ஒரு லேப்டாப் போதும். போர்டைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லையென்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா போகாது. வைஃபை பிடிக்காவிட்டால், ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சிப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது.

லேப்டாப்பில் மொஸ்கிட்டோ என்ற இலவச சர்வரை நிறுவி, யூசர்நேம், பாஸ்வேர்டு வைத்து, எம்க்யூடிடி என்ற ஐஓடி கருவிகளின் செய்தி முறையில், 1883 என்ற போர்ட்டுக்கு (சர்வரின் வாசல் எண்) வெப்ப அளவை அனுப்பச் சொல்லுங்கள். கூடவே, நெட்வொர்க்கில் போகும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் ஓடட்டும். பாஸ்வேர்டு அப்படியே எழுத்தெழுத்தாகத் திரையில் தெரியும். பிறகு, தகவலைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் முறையைப் போட்டு 8883 போர்ட்டுக்கு மாற்றினால், பெரும்பாலும் இணைப்பே கிடைக்காது. போர்டில் நேரத்தைக் காக்கும் பேட்டரி இல்லை. மின்சாரம் வந்ததும் அது 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில், சர்வர் தன்னை யாரென்று காட்டும் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. என்டிபி என்ற இணைய நேரச் சேவை வழியாக நேரத்தை வாங்கிய பின் இணைந்தால் சரியாகிவிடும். அவசரக்காரர்கள் ‘செட்இன்செக்யூர்’ என்ற ஒரே வரியைச் சேர்த்துச் சான்றிதழ்ச் சோதனையையே அணைத்துவிடுகிறார்கள். இணைப்பு வந்துவிடும், எதிரில் இருப்பது யார் என்று பார்ப்பது நின்றுவிடும். கடையில் விற்கும் பொருள்களிலும் இதே தவறு இருந்திருக்கிறது. அதனால் இந்த ஒரு பயிற்சியை அவள் அவசரப்படாமல் செய்யட்டும்.

கடைசியாக, ஈஎஸ்பிடூல் என்ற கருவி நிரல் கொண்டு போர்டின் 4 எம்பி ஃப்ளாஷ் நினைவகத்தை அப்படியே படித்தெடுத்துத் தேடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அதில் இருக்கும். பழைய கேமராவைக் குப்பையில் போடுமுன் ரீசெட் செய்யச் சொல்வது இதனால்தான். இந்த இடத்தில் ‘இதை எப்படி மறைப்பது?’ என்று அவள் கேட்டால், தயங்காமல் சேருங்கள். ஈஎஸ்பி32 சிப்பில் ஃப்ளாஷ் என்கிரிப்ஷன் (நினைவகத்தைப் பூட்டுவது), செக்யூர் பூட் (அனுமதித்த நிரலை மட்டும் ஓட்டுவது) இரண்டும் உண்டு, ஆனால் தயாரிப்பவர் இயக்கினால்தான் பயன்படும் என்பது அவளுடைய அடுத்த பாடம்.

ஒரு கண்டிப்பு: சோதனை எல்லாம் சொந்தச் சாதனத்தில்தான். பக்கத்து வீட்டுக் கேமராவை விளையாட்டாகக்கூட அனுமதியின்றித் திறக்கக் கூடாது; நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வேலையைப் பொறுத்தவரை, படிப்பு முடிந்தவுடன் ‘செக்யூரிட்டி இன்ஜினியர்’ பதவியை எதிர்பார்க்காதீர்கள். எம்பெடெட் சாஃப்ட்வேர் (பொருள்களுக்குள் ஓடும் மென்பொருள்) அல்லது ஃபர்ம்வேர் சோதனைப் பணியில் நுழைந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் அங்கிருந்து நகர்வதே வழக்கமான பாதை. இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகிவிட்டது. அதனால் கேமரா தயாரிப்பு நிறுவனங்களிலும் சோதனைக்கூடங்களிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.