கல்யாண நாளில் இருபது நிமிடம்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்யாணம். முகூர்த்தம் காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள். மாலை 6.30-க்கு அதே மண்டபத்தில் வரவேற்பு. நடுவில் ஒரு மணி நேரம் தந்தால் எங்கள் இருவரையும் கயத்தாறு காற்றாலைப் பக்கம் கூட்டிப்போய்த் தனியாகப் படம் எடுப்பதாக போட்டோகிராபர் சொல்கிறார். "வந்த சனத்தை விட்டுட்டு எங்க போனாங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல? எங்க காலத்துல இதெல்லாம் உண்டா?" என்கிறார் அம்மா. ஏற்கெனவே ஒரு அவுட்டோர் ஷூட் எடுத்துவிட்டோம். அது போதாதா? நீங்கள் கல்யாணப் படங்கள் எடுப்பவர் என்பதால் கேட்கிறேன்.

ம., கோவில்பட்டி

அன்புள்ள ம.,

முதலில் கயத்தாறை விடுங்கள். போக அரை மணி, வர அரை மணி. கேட்ட ஒரு மணி நேரமும் காரிலேயே தீர்ந்துவிடும். காற்றாலை எங்கும் ஓடிவிடாது, விருந்துக்குப் போகிற வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கல்யாணத்தன்று இரண்டு தடவை, இருபது இருபது நிமிடம் கிடைத்தால் தாராளம். முதலாவது, தாலி கட்டி ஆசீர்வாதம் முடிந்த கையோடு. அந்த நேரத்தில் பாதி மண்டபம் பந்திக்கு இறங்கியிருக்கும், மீதிப் பேர் மொய் எழுதும் மேசையைச் சுற்றி நிற்பார்கள். முதல் பந்தியில் இடம் பிடிக்கிற அவசரத்தில் பொண்ணு மாப்பிள்ளையை யாரும் தேட மாட்டார்கள். ஆவணியில் உங்கள் ஊரில் சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் உதிக்கும். எட்டு மணி வெயில் இன்னும் சாய்வாகவே விழும். பத்து மணிக்கு மேல் அதே வெயில் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் போட்டுவிடும். வாசலில் கட்டிய வாழைமரத்துப் பக்கமோ, மணமகள் அறை ஜன்னலோரமோ போதும்.

மாலையைக் கழற்றி வையுங்கள். கனத்த ரோஜா மாலைக்குப் பின்னால் தாலி இருப்பதே தெரியாது. ஓமப்புகையில் கண் சிவந்திருக்கும், முகம் கழுவி ஐந்து நிமிடம் விடுங்கள். ஆனால் தலையில் ஒட்டியிருக்கும் அட்சதையை பியூட்டிஷியன் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அவுட்டோர் ஷூட்டில் இந்த அட்சதையும் கிடையாது, ஈரம் காயாத மஞ்சள் கயிறும் கிடையாது. அது போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, மாலையில். ஞாயிறு ராகு காலம் 4.30 முதல் 6 வரை. யாரும் எதையும் தொடங்காத நேரம் என்பதால் மண்டபம் காலியாகக் கிடக்கும். ஐந்தரை மணி வெளிச்சம் முகத்துக்கு அவ்வளவு இதம். வரவேற்பு மேடை எல்இடி திரைக்கு முன்னால் நீங்கள் ஒரு நேரம் ஊதாவாகவும் ஒரு நேரம் பச்சையாகவும் தெரிவீர்கள். ராகு காலத்தில் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால், "காலையிலேயே ஆரம்பிச்சாச்சு, இது மிச்சம்தான்" என்று சொல்லிப் பாருங்கள். (எங்கள் பாட்டியிடம் இது எடுபட்டிருக்காது.) மசியவில்லையா, சரியாக ஆறு மணிக்கு எடுங்கள். சூரியன் அடைய இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கும். சிக்கல் அலங்காரத்தில்தான் வரும். நாலரைக்கு வருகிறேன் என்பார் பியூட்டிஷியன். வரவேற்பு அலங்காரம் எப்படியும் இரண்டு மணி நேரம் இழுக்கும், மூன்று மணிக்கே வரச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அம்மாவின் கேள்வி. அம்மா காலத்தில் இல்லாமல் இருக்கலாம், பாட்டி காலத்தில் உண்டு. கல்யாணமாகிச் சில நாளில் புதுத் தம்பதி டவுன் ஸ்டுடியோவுக்குப் போவார்கள். பின்னால் தோட்டம் வரைந்த திரை, பக்கத்தில் பூச்சாடி ஸ்டாண்டு, நாற்காலியில் மாப்பிள்ளை, சாய்மானத்தில் ஒரு கை வைத்து நிற்கும் பெண். எத்தனை வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது! இதற்கென்று ஒரு நாள் ஒதுக்கி, உடுத்திக் கிளம்பிப் போனவர்கள்தான் அவர்கள். வீடியோ வந்த பிறகுதான் இது விட்டுப்போயிற்று. இப்போது ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் தம்பதி இருப்பார்கள், இரண்டு பக்கமும் யாராவது ஒரு சித்தப்பா குடும்பமும் இருக்கும்.

ஆனாலும் அம்மாவின் கவலை நியாயமானது. தூரத்திலிருந்து வந்தவர், வேனுக்கு நேரமாகிறவர் எல்லாம் உங்களிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார்கள். குரல் உள்ள அத்தை ஒருவரை அறை வாசலில் நிறுத்துங்கள். "புடவை மாத்துறா, நீங்க சாப்பிட்டு வாங்க" என்று அவர் பந்திக்கு அனுப்பிவிடுவார். அந்த வேலையை அம்மா தலையில் கட்டாதீர்கள், அவருக்குச் சம்பந்தி வீட்டைக் கவனிக்கவே நேரம் இருக்காது. நிற்க வேண்டிய இடத்தை போட்டோகிராபர் முதல் நாள் சாயங்காலமே பார்த்து வைக்கட்டும். மாப்பிள்ளையிடமும் நேரத்தைச் சொல்லி வையுங்கள், தாலி கட்டியதும் நண்பர்கள் அவரைத்தான் முதலில் இழுத்துக்கொண்டு போவார்கள்.